கெடு தாண்டிய ஜிஎஸ்டி மேல்முறையீடு: தாமதத்தை மன்னிப்பார்களா?

கேள்வி: ஈரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் என்மீது ஜிஎஸ்டி உத்தரவு போட்டு, போர்ட்டலில் மட்டும் ஏற்றியிருக்கிறார்கள். பதிவில் இருப்பது பழைய கணக்கரின் மின்னஞ்சல். ஆகஸ்டில் பேங்க் கணக்கை முடக்கியபோதுதான் விஷயமே தெரிந்தது. மேல்முறையீட்டுக்குக் கெடு முடிந்துவிட்டதாம். காலவரையறைச் சட்டம் 5-ஆம் பிரிவில் மனு போட்டால் தாமதத்தை மன்னிப்பார்கள் என்கிறார் நண்பர். சரிதானா?

– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சிவில் நீதிமன்றத்துக்குச் சரி. 1963-ஆம் வருடக் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, போதுமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தருகிறது. ஜிஎஸ்டி மேல்முறையீட்டு அதிகாரி நீதிமன்றம் அல்ல. அவருக்கு ஜிஎஸ்டி சட்டம் எவ்வளவு கொடுத்திருக்கிறதோ அவ்வளவுதான். 107-ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். அதற்கு மேல் அவரே இரக்கப்பட்டாலும் கையெழுத்துப் போட முடியாது.

சிறப்புச் சட்டம் வெளிப்படையாக விலக்காதவரை 5-ஆம் பிரிவு பொருந்தும் என்று காலவரையறைச் சட்டத்தின் 29(2)-ஆம் பிரிவு சொல்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இதே அச்சில் வார்த்த மத்தியக் கலால் சட்டப் பிரிவைப் பற்றி, சிங் என்டர்பிரைசஸ் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கூடுதல் அவகாசத்துக்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருந்தால், 5-ஆம் பிரிவுக்கு அங்கே இடமில்லை. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2023-ல் ஜிஎஸ்டி வழக்கொன்றில் மாறாகத் தீர்ப்பளித்தது உண்மை. அதை மட்டும் நம்பி ஈரோட்டில் மனு போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

எல்லாச் சட்டமும் இப்படி இல்லை. 1961 வருமான வரிச் சட்டத்தின் 253-ஆம் பிரிவு, தீர்ப்பாயம் மன்னிக்கக்கூடிய தாமதத்துக்கு வரம்பே வைக்கவில்லை. சிறு வியாபாரிக்கு ஜிஎஸ்டியில் இந்தக் கடுமை ஏன் என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

உங்கள் வழக்கின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. 107-ஆம் பிரிவில் கெடு ஓடத் தொடங்குவது உத்தரவு போட்ட தேதியில் அல்ல, அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட தேதியில். போர்ட்டலில் ஏற்றியதே போதும் என்று துறை வாதாடும். 169-ஆம் பிரிவு அதையும் ஒரு வழியாகச் சொல்கிறது. ஆனால் நோட்டீஸுக்குப் பதிலே வராதபோது, பதிவுத் தபால் போன்ற வேறு வழியில் அனுப்பிப் பார்க்காமல் போர்ட்டலோடு நிறுத்திக்கொள்வது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் அண்மைக் காலத்தில் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே ‘மன்னியுங்கள்’ என்று போகாதீர்கள். ‘எனக்கு உத்தரவு வந்து சேரவேயில்லை’ என்று போங்கள்.

இடையில் தவறான அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு மனு கொடுத்து அலைந்திருந்தால் அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். காலவரையறைச் சட்டம் 14-ஆம் பிரிவின் தத்துவப்படி அந்த நாட்களைக் கழிக்கலாம் என்று எம்.பி. ஸ்டீல் வழக்கில் (2015) உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது.

இப்போது செய்யவேண்டியது, அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. கெடு தாண்டியதற்கு ரிட் மருந்தல்ல என்று கிளாக்ஸோ வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் கண்டித்திருப்பதால், உத்தரவு வந்து சேராததையும் உங்கள் தரப்பைக் கேட்காமல் முடிவெடுத்ததையும் முன்னால் வையுங்கள். வரியில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்புவது அங்கே வழக்கம். பணத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பழைய கணக்கரின் மின்னஞ்சல் பதிவில் இருக்கும் பக்கத்தையும், கணக்கை முடக்கியதாக பேங்க் அனுப்பிய கடிதத்தையும் இன்றே பிரதி எடுத்து, இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.