மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிப் பார்

வல்லம்,
செஞ்சி வட்டம்.

அன்புப் பேத்திக்கு,

தாத்தா எழுதுவது. “நாம் சாப்பிடுவதற்கும் பூமி சூடாவதற்கும் என்ன தொடர்பு?” என்று போனில் கேட்டாய். நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால் கடிதம்.

மனிதர்களால் வெளியாகும், பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உணவால் வருகிறது. லாரியும் கப்பலும் விடும் புகை அதில் சிறிய பங்குதான். பெரும்பங்கு விளைகிற நிலத்திலேயே உண்டாகிறது.

நம் நெல் வயலையே எடுத்துக்கொள். தண்ணீர் கட்டி நிறுத்தினால் மண்ணுக்குள் காற்று புகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் என்ற, பூமியைச் சூடாக்கும் வாயுவை உண்டாக்கும். உள்ளூர் அரிசி என்பதால் அது குறைந்துவிடாது. வயலை இடையிடையே காயவிட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் மீத்தேனும் குறையும், கிணற்றுத் தண்ணீரும் மிஞ்சும்.

இனி மானாவாரிக் கொல்லைக்கு வா. பூத்து நிற்கும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடி ஒன்றை வேர் அறாமல் பிடுங்கு. வேரெல்லாம் கடுகு கடுகாய் முடிச்சு. ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும் நுண்ணுயிர் அங்கே வேலை செய்கிறது. அந்த அளவுக்கு யூரியா மிச்சம். யூரியா தயாரிக்க எரிவாயு செலவாகிறது. வயலில் இட்ட பிறகும் அதிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு என்ற, பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயு கிளம்புகிறது. மல்லாட்டையில் பருப்பு செக்குக்கு, கொடியும் புண்ணாக்கும் மாட்டுக்கு.

பக்கத்துத் திண்டிவனத்திலேயே எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; டி.எம்.வி. என்று பெயர் தொடங்கும் மல்லாட்டை ரகங்கள் அங்கே பிறந்தவை. அதற்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாம் பாமாயிலில் வடை சுடுகிறோம். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் அந்த எண்ணெய்க்காக அழிந்த மழைக்காடு கொஞ்சமல்ல.

கேவுரு என்கிற கேழ்வரகையும் அப்படித்தான் ஒதுக்கிவிட்டோம். நெல்லைப் போல நிற்கும் தண்ணீர் கேட்காது. அரிசியைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச் சத்து உண்டு. ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நம் தெருவிலோ ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பதோடு கேவுருப் புழக்கம் முடிந்துவிடுகிறது.

சோற்றை விடச் சொல்லவில்லை, கண்ணு. வாரத்தில் இரண்டு வேளை கேவுருக் களியோ அடையோ சாப்பிடு. பொரிக்கிற எண்ணெயைக் குறை. தாளிக்க நம் செக்கு எண்ணெயை எடுத்துப் போ. “எங்கே விளைந்தது” என்பதோடு “எப்படி விளைந்தது” என்றும் கேட்கப் பழகு.

ஆடிப்பட்டத்தில் மல்லாட்டை விதைக்கிறோம். ஆவணியில் வா, அந்த முடிச்சை நீயே கீறிப் பார்க்கலாம்.

அன்புடன்,
தாத்தா