பந்தாட்டமும் மதுக் கிண்ணமும்



உதைபந்தாட்டம் பார்க்க வந்தவர் தம் ஆசனத்தில் இருந்தபடியே மது அருந்த அனுமதிக்கலாமா? "கிழமை முழுவதும் உழைத்துக் களைத்தவன் ஒரு கிளாஸ் பியர் குடிப்பதில் என்ன குற்றம்?" என்பர் ஒரு சாரார். "குடியும் கூட்டமும் சேர்ந்தால் கலகந்தான்" என்பர் மறு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆகவே அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறாமல், இக்கேள்வியை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம்முள் விவாதித்துவரும் பிரித்தானிய மக்களின் அனுபவத்தை முதலில் ஆராய்வோம். அங்கு சட்டமும் உண்டு. அச்சட்டத்தின் பலனும் பலவீனமும் கண்கூடு.

சட்டம் பிறந்த கதை

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், 1887ஆம் ஆண்டு, வோல்பிறிட் என்னும் மரிஸ்ட் சபை அருட்சகோதரர் செல்டிக் கழகத்தைத் தொடக்கிவைத்தார். ஏழைப் பிள்ளைகளின் பசி தீர்க்கப் பணம் திரட்டுவதே அவரது நோக்கம். அதே நகரின் மற்றொரு பெருங்கழகம் றேஞ்சர்ஸ். காலப்போக்கில் கத்தோலிக்கர் ஒரு பக்கமும் புரட்டஸ்தாந்தர் மறு பக்கமும் அணிதிரள, விளையாட்டுப் போட்டி சமயப் பகைமையாக உருமாறியது. அந்நாட்களில் இரசிகர்கள் போத்தல்களையும் பியர் ரின்களையும் தம்முடனேயே அரங்கினுள் கொண்டுசெல்வது வழக்கமாயிருந்தது.

1980 மே 10ஆம் திகதி, ஹம்டன் பார்க் அரங்கில் ஸ்கொட்டிஷ் கிண்ண இறுதியாட்டம். மேலதிக நேரத்தில் செல்டிக் ஒரு கோலினால் வென்றது. வென்றவர்கள் கொண்டாட மைதானத்தினுள் இறங்கினர். தோற்றவர்கள் மறுபுறத்திலிருந்து பாய்ந்தனர். குடித்து முடித்த போத்தல்கள் ஆயுதங்களாயின. குதிரைப் பொலிசார் வந்தே கூட்டத்தைக் கலைக்க வேண்டியிருந்தது. ஏழைச் சிறுவருக்கு உணவளிக்கவென்று பிறந்த கழகத்தின் ஆதரவாளரும் அந்த வெறியாட்டத்தில் பங்காளிகள். "எங்கள் பக்கம்" என்பதற்காக நாம் அதை மறைக்க முடியாது. அதே ஆண்டில் ஸ்கொட்லாந்தின் உதைபந்தாட்ட அரங்குகளில் மதுவைத் தடைசெய்யும் சட்டம் வந்தது.

ஐந்தாண்டுகளின் பின், 1985 மே 29ஆம் திகதி, பெல்ஜியத்தின் ஹெய்சல் அரங்கில் லிவர்பூல் இரசிகர்கள் எதிரணியினர்மீது பாய்ந்தபோது ஏற்பட்ட நெரிசலிலும் மதில் சரிவிலும் 39 பேர் மாண்டனர். அவ்வாண்டு யூலையில் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய சட்டம் நிறைவேறியது. அதன்படி, குறிப்பிட்ட ஆட்டங்களில், ஆட்டம் தொடங்குவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பிருந்து முடிந்து ஒரு மணித்தியாலம் வரை, மைதானம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் எவரும் மதுவை வைத்திருத்தல் குற்றம். இரசிகர்களை ஏற்றிவரும் பஸ்களிலும் மது ஆகாது.

வேலியின் ஓட்டைகள்

இனி மறுபக்க வாதத்தையும் நியாயமாகக் கேட்போம். இங்கிலாந்தில் ஆசனத்தில்தான் தடை. ஆசனங்களுக்குப் பின்னாலுள்ள கடைகளில் பியர் தாராளமாக விற்கப்படுகிறது. ஆகவே இரசிகர்கள் ஆட்டத்துக்கு முன்னும், பதினைந்து நிமிட இடைவேளையிலும் முண்டியடித்துக்கொண்டு மடமடவென்று குடிக்கின்றனர். ஆறுதலாக ஒரு கிளாஸ் அருந்தியிருப்பவரைச் சட்டமே அவசரக் குடிகாரராக்குகிறது என்பது அவர்கள் முறைப்பாடு. றக்பி, கிரிக்கெட் பார்ப்பவருக்கு இத்தடை இல்லை, "நாங்கள் மட்டும் குற்றவாளிகளா?" என்றும் கேட்கின்றனர். ஜேர்மனியில் பியர் கிளாசுடன் ஆட்டம் பார்ப்பது சர்வசாதாரணம். 2021 நவம்பரில், முன்னாள் விளையாட்டுத்துறை அமைச்சர் திரேசி குரவுச் தலைமையில் வெளியான அறிக்கை, கீழ்ப்பிரிவு ஆட்டங்களில் இத்தடையைத் தளர்த்திப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. சிறிய கழகங்களுக்கு அதனால் வருமானமும் கிடைக்கும்.

ஆனால் அதே ஆண்டு யூலை 11ஆம் திகதி இலண்டன் வெம்பிளியில் நடந்ததை நினைவிற் கொள்ளுங்கள். ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் இரவு எட்டு மணிக்கு. காலையிலிருந்தே வீதிகளில் குடி. ஏறத்தாழ 2,000 பேர் நுழைவுச்சீட்டு இன்றி வாயில்களை உடைத்து உட்புகுந்தனர். அதனை விசாரித்த பாரனஸ் கேசி, உயிர்கள் பறிபோகக்கூடிய நிலைமை மயிரிழையில் தப்பியது என்ற கருத்தில் அறிக்கை எழுதினார். ஆசனத்தில் குடிக்கக்கூடாது என்ற சட்டம் அன்றும் இருந்தது. ஆனால் குடி வாயிலுக்கு வெளியே முடிந்துவிட்டது. வேலி அரங்கினுள், வெள்ளம் வீதியில்!

குடியின்மேல் பொய்ப்பழி

இவ்விடத்தில் இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். மதுவை எதிர்ப்பவர்கள் உண்மையை எதிர்ப்பவர்களாக மாறிவிடக் கூடாது.

1989 ஏப்பிரல் 15ஆம் திகதி, ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல் இரசிகர்கள் கம்பி வேலிகளுக்கிடையில் நசுங்குண்டனர். அதனால் இறந்தோர் தொகை 97. பொலிசாரே வெளிவாயில் ஒன்றைத் திறக்கக் கட்டளையிட்டு, ஏற்கெனவே நிரம்பியிருந்த பகுதிக்குச் செல்லும் பாதையை அடைக்கத் தவறினர். ஆனால், "குடிவெறியர்கள் வாயிலை உடைத்தனர்" என்ற கதை பரப்பப்பட்டது. இறந்தவர்களின் இரத்தத்தில், சிறுவர்களின் இரத்தத்திற்கூட, மதுவைத் தேடிப் பரிசோதித்தனர். பிள்ளையை இழந்த தாய்க்கு இதைவிடக் கொடுமை வேறென்ன?

அவ்வாண்டு ஆகஸ்டிலேயே நீதியரசர் டெய்லர், பொலிசாரின் கட்டுப்பாட்டுத் தவறே முதற்காரணம் என்று எழுதினார். ஆயினும் பொய் மாயவில்லை. 2016 ஏப்பிரலில் யூரர்கள் இவை சட்டவிரோதக் கொலைகள் என்றும், இரசிகர்களின் நடத்தை காரணமல்ல என்றும் தீர்ப்பளிக்க, இருபத்தேழு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது. குடிகாரர் என்ற பெயர் சூட்டிவிட்டால் எவர்மீதும் எப்பழியும் சுமத்தலாம் என்ற மனப்பான்மை நம்மிடமும் இல்லையா? மதுவுக்கு எதிராகப் பேசுவோர் இவ்வரலாற்றை மறவாதிருத்தல் வேண்டும்.

காசு பேசும் இடம்

பிறேசில் நாட்டுச் சட்டம் அரங்குகளில் மதுவைத் தடுத்திருந்தது. 2014 உலகக் கிண்ணம் அங்கு நடக்கவிருந்தபோது, உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் வற்புறுத்தியது. பியர் கம்பனி ஒன்று அதன் அனுசரணையாளர். 2012இல் தனிச்சட்டம் இயற்றி வழிவிட்டனர். 2022இல் கட்டாரில் கதை தலைகீழாயிற்று. நவம்பர் 20ஆம் திகதி முதலாட்டம். 18ஆம் திகதி அரங்குகளில் பியர் விற்பனை நிறுத்தப்பட்டது. அச்சமின்றி ஆட்டம் பார்த்ததாகப் பெண்கள் பலர் பின்னர் கூறினர். ஆனால் பெரும் பணம் கொடுத்து விசேட அறைகளில் அமர்ந்தவர்களுக்கு மது தொடர்ந்து கிடைத்தது. ஏழையின் கிளாசைப் பறித்துச் செல்வந்தனின் கிளாசை நிரப்பும் சட்டத்தை ஒழுக்கச் சட்டம் என்று எப்படிச் சொல்வது?

ஆட்டம் முடிந்த பின்

இதுவரை அரங்கைப் பற்றியே பேசினோம். ஆனால் ஆட்டம் பார்க்கும் மக்களில் மிகப் பெரும்பாலோர் அரங்கில் இல்லை. வீட்டில், தொலைக்காட்சியின் முன் இருக்கின்றனர். நாமும் அவ்வாறே.

மஞ்செஸ்டர் பகுதியில் அந்நகரின் இரு பெருங்கழகங்களின் ஆட்ட நேரங்களையும், வீட்டு வன்முறை பற்றிய பொலிஸ் பதிவுகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2021இல் வெளியாயிற்று. இலண்டன் பொருளியற் கல்லூரியைச் சேர்ந்தோர் செய்த ஆய்வு அது. ஆட்டம் நடக்கும் இரண்டு மணித்தியாலத்தில் வன்முறை சுமார் 5 வீதம் குறைகிறது. கணவர்மார் ஆட்டத்தில் மூழ்கியிருக்கின்றனர் அல்லவா! ஆட்டம் முடிந்ததும் அது படிப்படியாக ஏறி, பத்து மணித்தியாலம் கடந்த பின்னரே உச்சத்தை அடைகிறது. அணி வென்றதா தோற்றதா என்பது காரணமன்று. இவ்வதிகரிப்பு மது அருந்தியிருந்த ஆண்களாலேயே ஏற்பட்டது; மது அருந்தாதவரிடம் காணப்படவில்லை. பகலில் தொடங்கும் ஆட்டங்களின் பின் நிலைமை மோசம். ஏனெனில் குடிக்க நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது.

வாசகர்களே, இதைச் சற்று நின்று சிந்தியுங்கள். அரங்கில் குடித்தவனால் பக்கத்து ஆசனக்காரருக்குத் தொல்லை. அதைத் தடுக்கப் பொலிசார் இருக்கின்றனர், சட்டம் இருக்கிறது. வீட்டில் குடித்தவனால் யாருக்குத் துன்பம்? கதவு மூடிய பின் அங்கே நடுவர் எவர்? விசில் ஊதுபவர் எவர்?

நமது முடிவு

ஆகவே மேலே கேட்ட கேள்விக்கு நமது விடை இதுதான். ஆட்டம் நடக்கும்பொழுது இரசிகர் ஆசனத்தில் மது வேண்டாம் என்ற கட்டுப்பாடு நியாயமானதே. பிள்ளையுடன் வந்த தகப்பனுக்கும், தனியே வந்த பெண்பிள்ளைக்கும் அமைதியாக ஆட்டம் பார்க்க உரிமை உண்டு. ஒருவர் இரண்டு மணித்தியாலம் குடிக்காதிருப்பது பெரிய தியாகமன்று. ஆனால் அக்கட்டுப்பாடு பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒன்றாயிருக்க வேண்டும். அதிகாரிகளின் தவறை மூடும் போர்வையாக அது ஆகிவிடக் கூடாது.

அதற்கும் மேலாக, "எனக்குக் குடிக்க உரிமை உண்டா?" என்று கேட்பவர், "என் குடிக்கு விலை கொடுப்பவர் யார்?" என்றும் கேட்கக் கடவர். கடையில் காசு கொடுப்பவர் அவர். ஆனால் மிகுதி விலையைப் பல வேளைகளில் மனைவியும் பிள்ளைகளும் கண்ணீரால் செலுத்துகின்றனர். இது மஞ்செஸ்டருக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஐரோப்பிய ஆட்டங்களை இரவிரவாகக் கண்விழித்துப் பார்க்கும் நமது வீடுகளிலும் போத்தல் நண்பர்களுடன் வருகிறது; நண்பர்கள் போய்விடுகின்றனர்; போதை வீட்டில் தங்கிவிடுகிறது.

ஆதலால் அடுத்த பெரிய ஆட்டம் வருமுன், தகப்பன்மார் மனைவி மக்களுடன் இருந்து, அந்த இரவு வீட்டில் மது இருக்குமா இராதா என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யட்டும். போத்தல் திறந்த பின் எடுக்கும் முடிவு முடிவாகாது.

குடும்பத்தில் கலந்துரையாட

1. நமது வீட்டில் ஆட்டம் பார்க்கும் இரவு எல்லோருக்கும் மகிழ்ச்சியான இரவா? பிள்ளைகள் அஞ்சாமல் பதில் சொல்லட்டும்.

2. நமது கிராமத்து விளையாட்டு விழாவில், மது அருந்தியவர்களால் ஆட்டம் பார்க்க வராது நின்றுவிட்டவர்கள் யார்?

3. "அவன் குடிகாரன்" என்று கூறி, உண்மையை விசாரியாமல் ஒருவர்மீது நாம் பழி போட்டதுண்டா?