விரைவு இன்சுலினும் வேளை உணவும்

புளியந்தோப்புக்கு அண்மையிலுள்ள இராயபுரத்தில், நீரிழிவு நோய்க்கென்றே பேராசிரியர் எம். விசுவநாதன் 1954-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவமனையை நிறுவிய பெருமையுடைய இவ்வடசென்னையில், இன்சுலின் போட்டுக்கொள்வோர் அறிய வேண்டுவன சில:

● காலம்: சாதாரண இன்சுலினின் மூலக்கூறுகள் ஆறாறாகப் பிணைந்து நின்று, மெல்லப் பிரிந்த பின்னரே இரத்தத்தில் கலப்பதால் அரைமணி தாமதிக்கும், லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் முதலிய விரைவு வகைகளோ, அப்பிணைப்பு எளிதில் விடுபடுமாறு அமைந்தமையின், சுமார் 15 நிமிஷத்தில் தொழிற்படத் தொடங்கி, 1 முதல் 2 மணி நேரத்தில் உச்சமெய்தி, 3 முதல் 5 மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

● உணவு: ஆகையால், ஆலையிலோ துறைமுகத்திலோ ஷிப்டு வேலை பார்ப்பவர், சாப்பாடு கைக்கு வந்து சேர்ந்தது நிச்சயமான பின்னரே ஊசி போட்டுக்கொள்வது உத்தமம்.

● அளவு: மில்லிக்கு 40 யூனிட் சீசாவுக்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சும், 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சுமே உரியன, மாற்றினால் விபரீதம் நேரும்.

● அபாயம்: இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்ததன் அறிகுறிகளான வியர்வை, நடுக்கம், படபடப்பு கண்டால், 3 தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும், பிரக்ஞை இழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைப்பதே கடமை.

● பாதுகாப்பு: திறவாத மருந்தைக் குளிர்ப்பெட்டியில், உறையாத இடத்தில் வைக்க வேண்டும், குளிர்ப்பெட்டி இல்லாதோர், சீசாவை நனையாமல் மூடி, நீர் ஊற்றிய மண்பானையில் காக்கலாம்.

அளவை நிர்ணயிக்கும் அதிகாரம் மருத்துவருக்கே உரியது.