பேரம் பேசும் விசுவாசி

வேத வாசிப்பு: 1 சாமுவேல் 16:1-5, நீதிமொழிகள் 20:14, சங்கீதம் 15:4



மிளகு, காபி, பலாப்பழம், கூலி, கல்யாணம், எதுவானாலும் நம் மலையில் பேரம் உண்டு. பேரத்தில் மனதிலிருப்பதை எல்லாம் சொல்லிவிட வேண்டுமா? சொல்லாமல் விட்டால் அது பொய்யா?

நம் கொல்லிமலையிலேயே நடந்த ஒரு காரியத்தைப் பாருங்கள். இங்கே ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட் ஐயா 1929-ல் கருநீர்க் காய்ச்சலால் மரித்தார். அவர் மனைவி எவிலின் அம்மையாரை 68 வயதானபோது, போதும் என்று மிஷன் நிறுத்தப் பார்த்தது. அம்மையார் விடவில்லை. இன்னும் ஒரே ஒரு வருஷம் அனுப்புங்கள், பிறகு ஓய்வு பெறுகிறேன் என்று கெஞ்சிக் கேட்டார். சம்மதித்தார்கள். வருஷம் முடிந்தது, வழியனுப்பு விழா நடந்தது. அங்கேதான் சொன்னார்: மிஷனிலிருந்து ஓய்வு பெறுகிறேன், ஆனால் ஊருக்குப் போகவில்லை, மலைக்குத்தான் போகிறேன் என்று! 1974-ல் மரிக்கும்வரை, பச்சைமலை, கல்வராயன் என்று மலை மலையாய்ப் போய் ஊழியம் செய்தார்.

இது தந்திரமா, ஞானமா?

சாமுவேலைப் பாருங்கள். சவுலுக்குத் தெரிந்தால் கொன்றுபோடுவானே என்று பயந்தபோது, பலியிட வந்தேன் என்று சொல்லும்படி கர்த்தரே சொல்லிக்கொடுத்தார். தாவீதை அபிஷேகம்பண்ண வந்ததை அவன் சொல்லவில்லை. ஆனால் சொன்னபடி பலியும் நடந்தது. அம்மையாரும் சொன்னபடி மிஷனை விட்டார். அதற்குப் பிறகு அவர்களிடம் சம்பளம் கேட்கவில்லை. ஆனாலும் ஓய்வு என்றால் ஊர் திரும்புவது என்றுதானே கமிட்டியார் நினைத்திருப்பார்கள்? அந்த இடம் எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. நஷ்டம் யாருக்கும் இல்லை என்பதால் குற்றம் சொல்ல மனம் வரவில்லை.

இப்போது நம் மிளகு மூட்டைக்கு வருவோம். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டப் பணம் அவசரம் என்று வியாபாரியிடம் சொல்ல வேண்டியதில்லை. அது உங்கள் வீட்டுக் காரியம். சோளக்காட்டிலும் நாமக்கல்லிலும் விலை விசாரித்து, இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று ஜெபத்தோடு முன்னதாகவே தீர்மானித்துக்கொண்டு போங்கள். அடியில் ஈர மிளகு இருந்தால் மட்டும் மறைக்காதீர்கள். அவர் காசு கொடுப்பதே அந்த மூட்டைக்குத்தான். வராத ஆளை வந்ததாகச் சொல்லி, அவர் இவ்வளவு கேட்டார் என்று விலை ஏற்றுவதும் பொய்தான். வாங்குகிறவனும் சும்மா இல்லை. சரக்கு மட்டம் மட்டம் என்று சொல்லிவிட்டு, போன பிறகு மெச்சிக்கொள்வான் என்று சாலொமோன் அன்றைக்கே எழுதிவிட்டார்.

அட்வான்ஸ் வாங்கி விலை பேசியாயிற்று, அறுப்பு நேரத்தில் விலை ஏறிவிட்டது. என்ன செய்வது? வெளிப்படையாகப் போய், கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று கேளுங்கள், கேட்பது பாவமல்ல. மறுத்தால், பேசின விலைக்கே மூட்டையை இறக்கிக் கொடுங்கள். வருகிற வருஷம் அட்வான்ஸ் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று கணவனும் மனைவியும் இப்போதே உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.