கூர் எப்படி வருகிறது? – ஓர் எட்டாம் வகுப்பு அனுபவம்

எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘விசையும் அழுத்தமும்’ பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஓரலகு பரப்பின் மீது செயல்படும் விசையே அழுத்தம். பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும். அதனால்தான் கூரான கத்தி எளிதில் வெட்டுகிறது. இதைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், தேர்விலும் அப்படியே எழுதிவிடுவார்கள்.

கடந்த கல்வியாண்டின் அலகுத் தேர்வில், ‘கத்தியின் வாய் மழுங்கினால் என்ன நிகழும்? ஏன்?’ என்று இரண்டு மதிப்பெண் வினா ஒன்று கேட்டிருந்தேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன் மூன்றே வரிகளில் விடை எழுதியிருந்தான்: ‘பாளை நசுங்கும். கண்ணு அடைச்சிரும். பதனி வராது.’

பரப்பு, அழுத்தம் ஆகிய இரண்டு சொற்களுமே அதில் இல்லை. சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுச் சுழியம் கொடுத்தேன். விடைத்தாளை வாங்கியவன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “சார், நீங்க அருவா தீட்டிருக்கியளா?” என்று மட்டும் கேட்டான். “இல்லை” என்றேன்.

அந்தக் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது.

வீட்டில் நான் கற்றது

எங்கள் வீட்டுக் கத்தியில் தக்காளியை அறுத்தால் தோல் கிழியாமல் சாறுதான் பிதுங்கும். சாணை பிடிப்பவர் எங்கள் தெருப்பக்கம் வருவது குறைந்துவிட்டது. திருநெல்வேலி டவுனில் ஓர் இரும்புக்கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்புமான சாணைக்கல் ஒன்றை வாங்கி வந்தேன். தண்ணீரில் நனைத்து, நழுவாமலிருக்க ஈரத்துணியின் மேல் வைத்து, அரைமணி நேரம் தேய்த்தேன். கத்தி முன்பைவிட மோசமானது!

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மார்க்கர் பேனா உதவியது. கத்தியின் வாயில் இருபுறமும் கறுப்பு மை பூசிவிட்டு, கல்லில் மூன்று முறை மட்டும் இழுத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் மை விளிம்புக்கு மேலே மட்டும் அழிந்திருந்தது. அங்கே கத்தியை அதிகமாகப் படுக்க வைத்திருக்கிறேன். இன்னோரிடத்தில் விளிம்பின் நுனியில் மட்டும் அழிந்திருந்தது. அங்கே அதிகமாக நிமிர்த்தியிருக்கிறேன். ஒவ்வோர் இழுப்பிலும் கோணம் மாறியதால் விளிம்பு கூராகாமல் உருண்டுபோயிருந்தது.

சரியான கோணத்துக்குக் கோணமானி தேவைப்படவில்லை. ஒரு தாளின் மூலை 90 பாகை. அதைச் சரிபாதியாக மடித்தால் 45. இன்னொரு முறை மடித்தால் 22.5 பாகை. சமையலறைக் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 20 பாகை போதும். மடித்த தாளைக் கல்லின் மேல் வைத்து, கத்தியை அதன் சாய்வுக்குப் பொருத்திப் பார்த்துவிட்டுத் தாளை எடுத்துவிடுவேன். 4 செ.மீ. அகலமுள்ள கத்தியானால் அதன் முதுகு கல்லிலிருந்து சுமார் 1.5 செ.மீ. உயர்ந்திருக்கும். அந்த உயரத்தைக் கை பழகிக்கொள்ள எனக்கு நான்கைந்து மாலைகள் ஆயின.

அடுத்தது, எப்போது நிறுத்துவது என்பது. ஒரு பக்கத்தையே தொடர்ந்து தேய்க்கும்போது, உலோகம் மிக மெல்லியதாகி மறுபக்கம் மடிந்து பிசிறாக நிற்கும். விரலைக் கத்தியின் முதுகிலிருந்து வாயை நோக்கி, வெளிப்புறமாகத் தடவினால் அது தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டக்கூடாது, வெட்டிவிடும். நுனி முதல் பிடி வரை பிசிறு தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு மறுபக்கம். கடைசியாக வழவழப்பான பக்கத்தில், அழுத்தமே இல்லாமல், இருபுறமும் மாறிமாறிச் சில இழுப்புகள். பிசிறு நீங்கியதும் செய்தித்தாளின் ஓரத்தை அறுத்துப் பார்க்கலாம். கிழிக்காமல் சீராக அறுத்தால் கத்தி தயார்.

ஏழாம் நாள் தக்காளியின் தோல் கத்தியின் எடைக்கே விலகியது. அப்போதுதான் அந்த மூன்று வரிகள் எனக்கு விளங்கின. மழுங்கிய கத்தி வெட்டாமல் நசுக்குகிறது. நசுக்குவதால் நாம் இன்னும் பலமாக அழுத்துகிறோம், கை நழுவுகிறது. கூரான கத்தியைவிட மழுங்கிய கத்தியால் காயம் படுவது இதனால்தான்.

அண்ணாச்சி கொண்டுவந்த பலகை

அந்த மாணவனின் அப்பா பனையேறுபவர். தலைமையாசிரியரின் அனுமதியோடு அவரை வகுப்புக்கு அழைத்தேன். “நான் வந்து என்னத்த சார் சொல்லப்போறேன்?” என்று தயங்கினார். “எனக்குத் தெரியாததை நீங்கதான் அண்ணாச்சி சொல்லணும்” என்றேன்.

பனையோலைப் பெட்டியில் பாளை அரிவாளும், ஒரு மரப்பலகையும், வெள்ளைப் பொடியும் கொண்டுவந்தார். மாணவர்களைத் தள்ளி உட்கார வைத்தோம்; அரிவாளை அவரைத் தவிர யாரும் தொடவில்லை. பலகையில் பொடியைத் தூவி அரிவாளை முன்னும் பின்னும் தேய்த்தார். கோணம் இம்மியும் மாறவில்லை. அந்தப் பொடி, வெங்கச்சங்கல்லை இடித்துச் சலித்தது. மோவின் கடினத்தன்மை அளவுகோலில் அதன் எண் 7; கத்தி இரும்பு 6-ஐ ஒட்டியது. கடினமானது மென்மையானதைத் தேய்க்கிறது. தாமிரபரணி மணலில் மின்னும் துகள்களில் பெரும்பாலானவையும் இதே கனிமம்தான்.

பாளையின் நுனியைக் காலையும் மாலையும் தாள் கனத்துக்குச் சீவ வேண்டும் என்று விளக்கினார். சீவிய இடத்திலிருந்துதான் பதனீர் சொட்டும். வாய் மழுங்கியிருந்தால் பாளை நசுங்கிக் கண் அடைந்துவிடும், மரமேறியது வீண். கூர் பார்க்க ஒரு பச்சைப் பனைமட்டையை எடுத்து மெல்லிய சுருளாகச் சீவிக் காட்டினார்.

முன்வரிசை மாணவி ஒருத்தி சட்டென்று, “தீட்டுன மரத்துலயே கூரு பாக்கக்கூடாதுல்லா!” என்றாள். உதவியவருக்கே தீங்கு செய்வது என்று அந்தப் பழமொழிக்குப் பொருள் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்த மரம் எது என்று அன்றுதான் வகுப்பு பார்த்தது. அவர் சிரித்துக்கொண்டே, “ஆமா தாயி, பலகை என்ன தப்பு செஞ்சிது?” என்றார்.

ஆதிச்சநல்லூரும் சிவகளையும் எங்களுக்கு அருகிலுள்ள ஊர்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை, சிவகளையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு இரும்பின் காலத்தைப் பொ.ஆ.மு. 3345 வரை கொண்டு செல்கிறது. அதைச் சொன்னதும் ஒரு மாணவன், “அப்ப அவங்களும் இந்த மாதிரிதான் தீட்டிருப்பாங்களா சார்?” என்று கேட்டான். வரலாற்றுப் பாடத்தில் இதற்குமுன் அவன் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

திருத்திய மதிப்பெண்

அன்று மாலை அந்த விடைத்தாளைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். ‘என்ன நிகழும்?’ என்பதற்கு அவன் சரியாகவே எழுதியிருந்தான். ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு, “ஏன் அப்படி நடக்குது?” என்று கேட்டேன்.

“வாய் தடிச்சிருச்சின்னா நாம அழுத்துறது பரவிரும்லா சார்” என்றான்.

பரவுகிறது என்று அவன் சொன்னதைத்தான் நம் பாடநூல் பரப்பு என்கிறது. இரண்டாவது மதிப்பெண்ணையும் போட்டேன். அவனுக்குப் புரிந்திருந்தது, அவன் சொல்லையும் புத்தகத்தின் சொல்லையும் இணைத்துக் காட்டியிருக்க வேண்டியது என் வேலை. அதைச் செய்யாமல் கோடு போட்டிருந்தேன்.

வகுப்பில் செய்து பார்க்க

இந்தச் செயல்பாட்டுக்குக் கத்தி தேவையில்லை. ஈரக் களிமண்ணைத் தட்டையாகப் பரப்புங்கள். 10 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு மரச்சட்டத்தைப் படுக்க வைத்து, மேலே 1 கி.கி. எடைக்கல்லை வையுங்கள். 10 நியூட்டன் விசை 30 ச.செ.மீ. பரப்பில் செயல்படும், அழுத்தம் சுமார் 3,300 பாஸ்கல். அதே சட்டத்தை 1 மி.மீ. தடிமனுள்ள விளிம்பின் மேல் நிறுத்திப் பிடித்து, அதே எடைக்கல்லை வைத்தால் பரப்பு 1 ச.செ.மீ.; அழுத்தம் 1,00,000 பாஸ்கல், அதாவது 30 மடங்கு. இரண்டு தடங்களின் ஆழத்தையும் மாணவர்களே அளக்கட்டும். தாளை மடித்து 22.5 பாகை காண்பதைக் கணித வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு, ‘உங்கள் வீட்டில் எதை, எதில் தீட்டுகிறார்கள்?’ என்று கேட்டு வரச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் அம்மிக்கல், துவைகல், பீங்கான் ஜாடியின் அடிவிளிம்பு, செருப்புத் தைப்பவரின் தோல் என்று பதினொரு விடைகள் வந்தன. அடுத்த தேர்வில் அவற்றில் எது விடைத்தாளில் வந்தாலும், கோடு போடுமுன் ‘ஏன்?’ என்று ஒருமுறை கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.