சில்லறை என்றால் சிறுமையா?



"நமக்கென்ன, சில்லறைக் கடைதானே" என்று நம்மவர்களே குரலைத் தாழ்த்திச் சொல்வதைக் கேட்கிறோம். அதைக் கேட்டு வளரும் பிள்ளைகள் கல்லாவில் உட்காரத் தயங்குகிறார்கள். அந்தச் சொல்லின் வேரைச் சற்றே பார்ப்போம்.

'சில்' என்றால் சிறியது. பெரியதைச் சிறிது சிறிதாகப் பிரித்து விற்பதே சில்லறை வியாபாரம். ஆங்கிலத்தில் 'ரீடெயில்' என்கிறோமே, அதுவும் வெட்டுதல்தான். வெட்டுவதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. துணியை வெட்டுகிறவர் 'டெய்லர்' ஆனதும் அதே வழியில்தான்.

இரவு கணக்கு முடிக்கும்போது "டேலி ஆகிறதா?" என்று கேட்கிறோம். அதற்கும் வேர் ஒன்றே. இங்கிலாந்தில் முன்பு அரசுக் கணக்கையே குச்சியில் வெட்டுக்குறியாகப் பதித்தார்கள். பிறகு குச்சியை நெடுக்கில் பிளந்து, கொடுத்தவர் ஒரு பாதியும் வாங்கியவர் ஒரு பாதியும் வைத்துக்கொள்வார்கள். இரு பாதியும் பொருந்தினால் கணக்குச் சரி. வழக்கொழிந்த அந்தக் குச்சிகளை 1834-இல் எரிக்கப்போய், லண்டன் நாடாளுமன்றக் கட்டடமே தீக்கிரையானது!

நம் தமிழில் மட்டும் குறைவா? நெல்லை அறுக்கிறோம், மரத்தை வெட்டுகிறோம், காயை நறுக்குகிறோம், இளநீரைச் சீவுகிறோம், துணியைக் கத்தரிக்கிறோம். 'கத்தரி' வடமொழிக் 'கர்த்தரி'யிலிருந்து வந்தது. இந்திக்காரர்கள் வெட்டுவதை 'காட்னா' என்பதும், பிடித்தத்தைக் 'கட்டௌதி' என்பதும் அதே வேரில் பிறந்தவை. மறுபேச்சுக்கு இடமின்றி முடித்த கிரயத்தை 'அறுதிக் கிரயம்' என்கிறோம். அங்கேயும் 'அறு'தான் நிற்கிறது.

செய்யூர்ப் பக்கம் கோடையில் தர்பூசணி லாரி லாரியாக ஏறுகிறது. அதைக் கீறிக் 'கீற்று' ஆக்கித் தருபவர் சாலையோரக் கடைக்காரர். முழுப் பழம் வாங்க இயலாதவரின் தாகம் அவரால்தான் தீர்கிறது. அதுபோலவே, மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் மூட்டையைத்தான் இறக்க முடியும். அந்த மூட்டையை நூறு கிராம், கால் கிலோ என்று பிரித்து, அன்றாடங்காய்ச்சியின் அடுப்புவரை கொண்டு சேர்ப்பவர் நீங்கள்தான். இதில் சிறுமை எங்கே இருக்கிறது?

ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். சரக்கைப் பிரிக்கலாம், எடையில் கை வைக்கக் கூடாது. பிளந்த குச்சியின் இரு பாதிபோல, நாம் நிறுத்துக் கொடுத்ததும் வாடிக்கையாளர் வீட்டில் நிறுத்துப் பார்ப்பதும் பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தம் உள்ளவரை எத்தனை பெரிய கடை எதிரே வந்தாலும் நம் வாடிக்கை அறாது.