பெருநாள் விளையாட்டும் மஹ்ரம் எல்லையும்

பெருநாளுக்கு மறுநாள் வேன் பிடித்து ஆழியாறு அணைக்குப் போவது கோவை, பொள்ளாச்சி வட்டாரத்தில் நம் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். சாப்பாடு முடிந்ததும் புல்தரையில் கோடு கிழித்துக் கபடி ஆரம்பமாகும். மாமன் மகன், அத்தை மகள், சின்னம்மா பிள்ளைகள் எல்லோரும் இரு கட்சியாகப் பிரிவார்கள். “நம்ம பிள்ளைகள்தானே” என்று பெரியவர்களும் பார்த்துக் கொண்டிருப்பார்கள்.

நம் பிள்ளைகள்தாம். ஆனால் பருவமெய்திய பெண்ணுக்கு மாமன் மகன் மஹ்ரம் அல்லன். அண்ணன் என்று அழைக்கப்படும் சின்னம்மா மகனும், பால்குடி உறவு இருந்தாலன்றி, மஹ்ரம் அல்லன். கபடியோ தொடுவதும் பிடிப்பதுமே உயிரான ஆட்டம். பாடி வருபவரின் காலையோ இடுப்பையோ பற்றி மடக்காமல் அங்கே விளையாட்டே இல்லை.

இங்கே ஒரு சந்தேகம் எழுப்பப்படுகிறது. நம் பகுதியில் பெரும்பாலோர் ஹனபிகள். அன்னியப் பெண்ணைத் தொட்டால் ஷாபிஈ மத்ஹபில் ஒளு முறியும். ஹனபி மத்ஹபில் முறியாது. “ஒளுவே முறியவில்லையே, தொட்டால் என்ன?” என்கிறார்கள். ஒளுவின் சட்டம் வேறு, தொடுவதன் சட்டம் வேறு. பொய் சொன்னாலும்தான் ஒளு முறிவதில்லை. பொய் ஆகுமானதாகி விடுமா? நபி (ஸல்) அவர்கள் பெண்களிடம் வாய்ச்சொல்லாலேயே பைஅத் வாங்கினார்கள் என்றும், பைஅத்தின்போது அவர்களுடைய கை எந்தப் பெண்ணின் கையையும் தொட்டதில்லை என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் உள்ளது.

அடுத்தது நியாயம். நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, உடல் இறுக்கிப் பயிற்றப்பட்ட குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யதுல் விதா வரை, 5 அல்லது 6 மைல் ஓடவிட்டார்கள். பயிற்றப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை 1 மைல்தான். பெண்களைக் குதிரைக்கு ஒப்பிடுவதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். போட்டியின் நீதியையே பார்க்கிறோம். சமமானவற்றைச் சமமானவற்றோடு ஓடவிட்டார்கள். இன்றைய கபடி விதியும் அதைத்தான் செய்கிறது. ஆண்களுக்கு 13 மீட்டருக்கு 10 மீட்டர் களம், பெண்களுக்கு 12 மீட்டருக்கு 8 மீட்டர். ஹாலந்தில் 1902ல் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவதற்கென்றே உண்டாக்கிய கோர்ஃப்பாலில்கூட, ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணுமே மறிக்கலாம்.

வலை குறுக்கே நிற்கும் வளையப்பந்திலும் இறகுப்பந்திலும் தொடுதல் இல்லை. அண்ணன் தங்கை, தகப்பன் மகள் தாராளமாக ஆடலாம். மஹ்ரம் அல்லாதவரோடு என்றால் உடையும் பார்வையும் குறித்த சட்டங்கள் அப்படியே நிற்கின்றன.

இதைப் படித்துவிட்டுப் பெண்பிள்ளைகளைப் பிரியாணிச் சட்டியருகே உட்கார வைத்து, பையன்கள் மட்டும் மாலைவரை குதித்தால், அது மார்க்கத்தின் பெயரால் செய்யும் அநியாயம். பயணத்தில் மக்களை முன்னே போகச் சொல்லிவிட்டு நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதல் முறை அன்னையார் ஜெயித்தார்கள். பிறகொரு பயணத்தில், அவர்கள் சற்றுப் பருத்திருந்தபோது நபியவர்கள் ஜெயித்து, அன்றைக்கு இது சரியாயிற்று என்றார்கள். மறைவும் இருந்தது, ஓட்டமும் இருந்தது.

ஆகவே அடுத்த பெருநாளுக்கு வேன் பேசும்போதே இதையும் பேசிக்கொள்ளலாம். லுஹருக்குப் பின் ஆண்கள் அணைப்பக்கம் நடந்துவிட்டு வரட்டும். மறைவான இடம் பார்த்துப் பெண்கள் தங்களுக்குள் கோடு கிழித்துக்கொள்ளட்டும். சட்டி கழுவும் வேலையைத் திரும்பி வரும் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்.